படியாளும் மனைக்கட்டும்: செங்கல்பட்டு வேலையிடங்களின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

பழைய மகாபலிபுரம் சாலை திருப்போரூரைத் தொடுகிற இடத்தில் காலை ஏழு மணிக்கு நின்றால் வேன்கள் வரிசையாக வடக்கே போவதைப் பார்க்கலாம். கேளம்பாக்கம், படூர், சிறுசேரி, நாவலூர் என்று அந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டிடங்கள். முதல் நடையில் கூட்டுகிற, கழுவுகிற பெண்கள். அப்புறம் காவலாளிகள். வெயில் ஏறினபிறகு கணினி வேலைக்காரர்கள். எல்லார் கழுத்திலும் அட்டை தொங்குகிறது. பல இடங்களில் நிரந்தரக்காரருக்குக் கயிறு ஒரு நிறம், ஒப்பந்தக்காரருக்கு வேறு நிறம். அப்படி ஒரு வேனுக்காகக் காத்திருந்த தம்பி தன் நிறுவனம் கொடுத்த துண்டறிக்கையைக் காட்டினான். சமத்துவம், அனைவரையும் உள்ளடக்குதல், நலவாழ்வு என்று மூன்று சொற்கள் பெரிய எழுத்தில் இருந்தன. நான் அதைச் சத்தமாகப் படித்ததைப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டுவிட்டார். இளமையில் பண்ணை வேலை, பிறகு சித்தாள் வேலை, இப்போது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ராத்திரிக் காவல் அவருக்கு.

"சேத்துக்கறது புதுசு ஒண்ணுமில்ல தம்பி. எங்க அப்பாருக்கும் பண்ணை வூட்ல எடம் இருந்துச்சி. மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால. எந்த எடம்னுதான் கேக்கக் கூடாது."

இந்தக் கட்டுரை அவர் சொன்னதற்கு ஒரு விரிவுரை, அவ்வளவுதான். வேலையிடச் சமத்துவம் பற்றிய இன்றைய பேச்சு முழுக்க வேலையிடத்தின் வாசலுக்கு உள்ளேயே நடக்கிறது: யாரை எடுக்கிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள், எத்தனை பெண்கள். செங்கல்பட்டின் இருநூற்றைம்பது வருஷக் கணக்கைப் புரட்டினால் விஷயம் வேறு இடத்தில் இருப்பது தெரிகிறது. உழைப்பவர் ராத்திரி எங்கே படுக்கிறார், அந்த மனை யாருடையது, அங்கிருந்து அவரை யார் கிளப்ப முடியும் என்பதில்தான் பகலில் அவர் வாய் திறப்பதும் மூடுவதும் தீர்மானமாகியிருக்கிறது.

திருப்போரூருக்கு இந்த விஷயத்தில் ஒரு அபூர்வ சாட்சியம் உண்டு. ஆற்காட்டு நவாபிடமிருந்து கும்பினி பெற்ற செங்கல்பட்டு ஜாகீரைத் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்தார். அந்தக் காலத்து ஓலைக் கணக்குகளில் திருப்போரூருடையதும் வடக்குப்பட்டுடையதும் தப்பிப் பிழைத்தன. சென்னையிலுள்ள ஆய்வாளர்கள் சிலர் 2001இல் அவற்றைப் பதிப்பித்தார்கள். ஊரில் எத்தனை வீடு, எவ்வளவு நிலம், விளைச்சலில் கோயிலுக்கு எவ்வளவு, கணக்குப்பிள்ளைக்கு எவ்வளவு, தச்சன் கொல்லன் வண்ணான் நாவிதன் தலையாரி வெட்டியானுக்கு எவ்வளவு என்கிற விதமான கணக்குகள் இவை. இப்படிக் களத்தில் பிரித்துக் கொடுத்த பங்குக்கு இந்த வட்டாரத்தில் வழங்கிய பெயர் 'சுதந்திரம்'. ஆமாம், அதே சொல்தான்.

தரம்பாலும் அவரைப் பின்பற்றியவர்களும் பர்னார்டின் கணக்கை வைத்து ஒரு சித்திரம் தீட்டினார்கள். வெள்ளைக்காரன் வருமுன் ஊர் தன் விளைச்சலைத் தானே பங்கிட்டுக்கொண்டது, யாரும் விட்டுப்போகவில்லை, எல்லோருக்கும் ஒரு பங்கு இருந்தது என்பது அந்தச் சித்திரம். கும்பினியின் வரிக் கொள்ளை ஊர்களை எப்படிச் சூறையாடியது என்பதைக் காட்டியதில் அவர்கள் செய்தது பெரிய வேலை, மறுப்பதற்கில்லை. பங்கு இருந்ததும் உண்மை. ஆனால் பங்கு பெறுகிறவன் அந்தப் பங்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போக முடியுமா என்பதற்குக் கணக்கில் பத்தி கிடையாது. பங்கைக் கூட்டிக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கிடையாது. உள்ளடக்குதல் என்ற ஒன்றை மட்டும் அளவுகோலாக வைத்தால் பழைய செங்கல்பட்டு ஊரைப் போல எல்லாரையும் உள்ளடக்கிய அமைப்பு உலகத்திலேயே இருந்திருக்காது. சேரிகூட அந்த உள்ளடக்கத்தின் ஒரு பகுதியே. ஊருக்கு வெளியே இருக்கவேண்டும் என்பதே அதற்கு ஒதுக்கப்பட்ட உள்ளிடம்.

இதில் ஒரு வினோதத்தைச் சொல்லியாக வேண்டும். இரண்டு ஊர்களுக்கு எல்லைத் தகராறு வந்தால் பறையரின் சாட்சியம்தான் செல்லும். அவர் தலையில் மண்ணோ தண்ணீர்க் குடமோ சுமந்து நடந்துபோகிற வழியே எல்லை. ஊரின் ஒவ்வொரு வரப்பும் யாருக்குத் தெரியுமோ அவருக்கு அந்த ஊரில் ஒரு வரப்பும் சொந்தமில்லை. அவர் அறிவு ஊருக்குத் தேவைப்பட்டது. அறிவை ஏற்றுக்கொள்வதற்கும் ஆளை ஏற்றுக்கொள்வதற்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாக எந்த நிறுவன உளவியலாளரும் சொல்லிவிட முடியாது.

மண்மேல் இருந்த உரிமைக்கு மிராசு என்று பெயர். லயனல் பிளேஸ் 1790களில் ஜாகீர் கலெக்டராக இருந்தபோதிருந்தே மிராசுதாரரோடு அரசாங்கத்துக்கு இழுபறி. திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அதே எல்லிஸ்தான் மிராசு உரிமை பற்றிய புகழ்பெற்ற விளக்கத்தையும் எழுதினார். நூற்றாண்டு முழுக்க நடந்த இந்த வாதத்தில் எல்லோருடைய கண்ணும் வயல்மேல் இருந்தது. நத்தம் பற்றி அதிகம் பேச்சில்லை. ஊர் நத்தத்தோடு சேரி நத்தமும் தங்களுடையதே என்பது மிராசுதாரர் கட்சி. அதாவது படியாள் கட்டிய குடிசைக்குக் கூரை அவனுடையது, சுவர் அவனுடையது, தரை அவனுடையதில்லை.

படியாள் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். படி அளந்து கூலி வாங்குகிறவன் என்று பொருள். நாள் கணக்கில்லை, வேலைக் கணக்கில்லை, அளக்கிற கை யாருடையதோ அவருக்கு ஆள் என்கிற கணக்கு. 1843இல் ஐந்தாம் சட்டம் வந்து, அடிமை உடைமையை இனி எந்த நீதிமன்றமும் அங்கீகரிக்காது என்று சொல்லிவிட்டது. 1860இன் தண்டனைச் சட்டம் ஆளை விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. சட்டப் புத்தகத்தில் அடிமை செத்தாச்சு. ஊரில் படியாள் இருந்தான்.

இந்த இடைவெளியை எழுத்தில் பிடித்தவர் ஜே.எச்.ஏ. டிரமென்ஹீர். செங்கல்பட்டின் பொறுப்புக் கலெக்டராக இருந்தவர். 1891இல் செங்கல்பட்டுப் பறையர் நிலை பற்றி அவர் அரசாங்கத்துக்கு அனுப்பிய குறிப்பை இன்றைய மொழியில் ஒரு வேலையிட ஆய்வறிக்கை என்றே சொல்லலாம். என்ன சாப்பிடுகிறார்கள், என்ன உடுத்துகிறார்கள், என்ன நோய், குடிசையின் லட்சணம் என்ன, கல்யாணச் செலவுக்கு வாங்கிய சின்னக் கடன் எப்படித் தலைமுறைக் கட்டாகிறது என்றெல்லாம் எழுதினார். சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆனபிறகும் தன் உழைப்பையும் தன் வாரிசுகளின் உழைப்பையும் அடகு வைக்கிற பத்திரங்கள் புழக்கத்தில் இருப்பதைக் காட்டினார். இதுவரைக்கும் ஒரு இரக்கமுள்ள அதிகாரி எழுதக்கூடியதுதான். அடுத்த படியில்தான் அவர் வித்தியாசப்படுகிறார். கூலியைக் கூட்டு, அன்பாக நடத்து என்று மிராசுதாரருக்கு உபதேசம் பண்ணி அவர் நிறுத்தவில்லை. மனைக்கட்டு கொடு, தரிசு நிலம் கொடு, பள்ளிக்கூடம் கொடு என்றார். தரிசு நிலத்துக்கு யார் மனுப் போட்டாலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை என்றிருந்த தர்க்காஸ்து விதியைக் குறிவைத்தார். படியாள் மனுப் போடுவான், மிராசுதாரர் 'எனக்கு வேண்டும்' என்பார், நிலம் அவருக்குப் போகும், மறுபடி தரிசாகவே கிடக்கும். நிலம் விளைய வேண்டும் என்கிற அக்கறை இதில் கொஞ்சமும் இல்லை. படியாள் படியாளாகவே இருக்கவேண்டும் என்கிற அக்கறைதான்.

மேலே இருந்த வருவாய் வாரியம் இதை ரசிக்கவில்லை. அடிமைத்தனம் என்றெல்லாம் சொல்வது மிகை, நிலைமை தானாகச் சீராகி வருகிறது, வேண்டாதவர்கள் கப்பலேறிப் போகலாமே என்கிற ரீதியில் பதில்கள். கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. 1860இல் சென்னைத் துறையிலிருந்து நேட்டாலுக்கு முதல் கப்பல் போனதிலிருந்து இந்தப் பகுதியின் சேரிகளிலிருந்து ஆட்கள் போனார்கள். ஒரு படியாளுக்குத் திறந்திருந்த வாசல் இன்னொரு தோட்டத்தில் போய்த் திறந்தது. கடைசியில் 1892 செப்டம்பர் 30ஆம் தேதி 1010, 1010ஏ எண்ணிட்ட வருவாய்த்துறை ஆணை வந்தது. டிரமென்ஹீர் கேட்டதில் பாதிகூட இல்லை. ஆனாலும் பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்வது இதிலிருந்துதான் கிளைக்கிறது. பின்னால் வகுத்த நிபந்தனைப்படி முதல் பத்து வருஷம் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே மாற்றலாம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் இப்படி வழங்கப்பட்டதாக இயக்கங்கள் சொல்கிற கணக்கு.

டிரமென்ஹீரை வானளாவப் புகழ்கிற பழக்கம் நம்மிடையே உண்டு. எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம். செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரு, திருவள்ளூர்ப் பக்கம் வில்லியம் கௌடி போன்ற பாதிரிமார்கள் முன்னமே இதே விஷயத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆண்ட்ரு மெல்ரோசாபுரம் போன்ற குடியிருப்புகளை நிலத்தோடு சேர்த்தே உருவாக்கினார். அதற்கும் முன்னால், மனுப் போட்டுத் தோற்று மறுபடி மனுப் போட்ட பெயர் தெரியாத படியாட்கள் இருந்தார்கள். அவர்கள் இல்லாமல் கலெக்டருக்குக் குறிப்பு எழுத விஷயமே இருந்திருக்காது. ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட 'த பறையா ப்ராப்ளம்' நூலின் ஒரு வாதம் இங்கே பயன்படும். உழைப்பைக் கட்டுப்படுத்துகிற அரசியல் பிரச்சினையை, அரசும் மிஷனும் மேல்சாதியாரும் ஆளுக்கொரு விதமாக, சமயப் பிரச்சினையாகவும் சமூகப் பழக்கமாகவும் பெயர் மாற்றினார்கள் என்கிறார் அவர். பெயர் மாறினவுடனே வைத்தியமும் மாறிவிடுகிறது. நிலம் கேட்ட இடத்தில் மனமாற்றம் பரிந்துரைக்கப்படுகிறது. இன்றைக்கு வேலையிடங்களில் நடத்துகிற உணர்வூட்டல் பயிற்சிக்கும் இந்தப் பெயர் மாற்றத்துக்கும் சொந்தம் உண்டு என்று நினைக்கிறேன்.

இதே மாவட்டத்தில் மதுராந்தகத்துப் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். ஆணை வந்த மறுவருஷம், 1893இல், 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். அந்த வருஷமே ஒரு காரியம் செய்தார். சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமில்லாமல் இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்தது. இந்தியருக்கு வேலையிடத்தில் இடம் வேண்டும் என்கிற நியாயமான கோரிக்கைதானே? சீனிவாசன் எதிர்த்தார். 3412 பேர் கையெழுத்திட்ட மனுவை பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். இந்தியர் என்று மொத்தமாகச் சேர்த்துக்கொள்ளும்போது உள்ளே போகிறவர் மிராசுதாரரின் பிள்ளையாகத்தான் இருப்பார், பண்ணையில் இருந்த அதே கை கச்சேரியிலும் வந்து உட்காரும் என்பது அவர் கணிப்பு. தேசத்துரோகம் என்று அன்றைக்கு ஏசியிருப்பார்கள். உள்ளடக்குதல் என்ற சொல்லை நோக்கி 'எவரை?' என்று கேட்ட முதல் தமிழ்க் குரல்களில் இது ஒன்று என்று நான் படிக்கிறேன்.

ஆலைக்குப் போனால் இதெல்லாம் கரைந்துவிடும் என்று இடதுசாரிகள் நெடுங்காலம் நம்பினோம். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது அந்த நம்பிக்கைக்கு நியாயம் இருந்தது. 1921இல் பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளிகளில் பலர் வேலைக்குப் போனார்கள். ஏன் போனார்கள் என்பதைச் சங்கம் விளங்கிக்கொள்ள முயலவில்லை. ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. தகராறு ஆலையில், நெருப்பு சேரியில். இதற்குச் சற்று முன்புதான் அரசாங்கம் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் நலனைத் தொழிலாளர் கமிஷனரின் பொறுப்பில் ஒப்படைத்திருந்தது. அந்த இலாகா செய்த முக்கிய வேலைகளில் ஒன்று மனைக்கட்டுகளை விலைக்கு வாங்கிக் கொடுத்தது. தொழிலாளர் இலாகா ஏன் வீட்டுமனை வாங்குகிறது என்று இன்றைக்குப் படிக்கிறவருக்கு விசித்திரமாகப் படலாம். படியாளுக்குப் படாது.

1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் கூலித் தகராறு எங்கே முடிந்தது? ஒரு குடிசைக்குள், 44 பேரோடு. அதற்குப் பிறகு 1971இல் விவசாயத் தொழிலாளிக்கு அவர் குடியிருக்கிற மனையைச் சொந்தமாக்குகிற குடியிருப்புச் சட்டம் வந்தது. டிரமென்ஹீர் கேட்டு எண்பது வருஷம் கழித்து.

பஞ்சமி நிலம் என்ன ஆயிற்று என்பதைத் திருப்போரூர்ப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மாமல்லபுரத்தை ஒட்டிய காரணையில் அறுநூறு ஏக்கருக்கு மேல் பஞ்சமி நிலம் கைமாறிப்போயிருந்தது. 1994இல் தலித் மக்கள் அதை மீட்கப் புறப்பட்டு அங்கே அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். நிர்வாகம் அகற்றியது. அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு இளைஞர்கள் செத்துப்போனார்கள். பஞ்சமி என்ற சொல் பழைய கோப்புகளிலிருந்து தெருவுக்கு வந்தது அப்போதுதான். அடுத்த பத்து வருஷத்தில் இந்தக் கடற்கரையில் நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. சாலை ஆறு தடமாயிற்று. அலுவலகங்கள் வந்தன.

அலுவலகம் வந்தால் கூட்டுவதற்கு ஆள் வேண்டுமே. சென்னையின் கூவக் கரையிலும் சாலையோரங்களிலும் இருந்த குடிசைவாசிகளை அகற்றி 2000இலிருந்து கண்ணகி நகரிலும், பிறகு செம்மஞ்சேரியிலும், பெரும்பாக்கத்திலும் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாம் இதே சாலையை ஒட்டி. யாராவது உட்கார்ந்து திட்டம் போட்டார்களா என்று கேட்டால் அப்படி நான் சொல்லவில்லை. ஆனால் பண்ணைக்குப் பக்கத்தில் சேரி இருந்த தர்க்கம் இங்கேயும் வேலை செய்கிறது. ஒதுக்கீட்டு வீட்டுக்காரர் நகரத்தில் இருந்த பழைய வேலையை இழந்து, நடந்துபோகிற தூரத்தில் எது கிடைக்கிறதோ அதை, ஒப்பந்தக்காரர் சொல்கிற கூலிக்குச் செய்கிறார். கண்ணாடிக் கட்டிடத்தின் நலவாழ்வுத் திட்டம் அவருக்குப் பொருந்தாது. அவர் அந்தக் கட்டிடத்தில் வேலை செய்கிறாரே தவிர, அந்த நிறுவனத்தில் வேலை செய்யவில்லை.

அலுவலகங்களில் பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு இப்போது கட்டாயம். 2013 சட்டம். அதற்கு மூலம் 1997இன் விசாகா தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு மூலம் ராஜஸ்தான் பட்டேரி கிராமத்தின் பன்வாரி தேவி. மண்பாண்டம் செய்கிற சாதியில் பிறந்த, அரசுத் திட்டத்தில் சொற்பப் படிக்கு வேலை பார்த்த பெண். குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கப்போனதற்காக 1992இல் மேல்சாதியாரால் வன்புணரப்பட்டார். 1995இல் குற்றவாளிகளை நீதிமன்றம் விடுதலை செய்தது. அவருக்கு வேலையிடம் எது? ஊர்தான். அவரைத் தண்டித்தவர்கள் அவருடைய அண்டை வீட்டார். குளிரூட்டிய அறைகளின் பாதுகாப்பு விதி, ஒரு கிராமத்துப் பெண்ணின் உடம்பிலிருந்து வந்திருக்கிறது. குழுவின் அறிவிப்புப் பலகையில் ஊர் இருக்காது.

மாவட்டத்தின் மேற்கே கொஞ்சம் தாண்டினால் தொழிற்சாலைகள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். பெங்களூர் நெடுஞ்சாலையை ஆயிரக்கணக்கான பெண்கள் மறித்தார்கள். ஆலையை மூடி, ஜனவரியில்தான் திறந்தார்கள். கூலிக்காகவோ வேலை நேரத்துக்காகவோ அந்தப் பெண்கள் ரோட்டுக்கு வரவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். படுக்கிற இடமும் தின்கிற சோறும் அவர்களை ரோட்டுக்குக் கொண்டுவந்தது. விடுதிக்காரன், சாப்பாட்டுக்காரன், ஆள் பிடித்துக் கொடுப்பவன் எல்லாம் வேறு வேறு ஒப்பந்தம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. பழைய விடுதிகளைப் பார்த்தவர்கள் இதைக் குறை சொல்லத் தயங்குவார்கள். நானும் தயங்குகிறேன். காற்றும் வெளிச்சமும் கழிப்பறையும் சின்ன விஷயமில்லை. ஆனால் வேலை போனால் அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு ராத்திரி கட்டில் உண்டா என்ற கேள்வி 1891இலிருந்து நகரவில்லை.

சீர்திருத்தங்களை எள்ளி நகையாடுவதில் எனக்குச் சம்மதமில்லை. 2021இல் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. துணிக்கடையில், நகைக்கடையில் நாள் முழுக்க நிற்கிற ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று அது சொன்னது. கால் வீங்கியவருக்குத்தான் அதன் அருமை தெரியும். உட்காருவதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்ததே என்பது வேறு விஷயம்.

இந்தக் கடற்கரையிலேயே உழைப்பவர் கையில் வேலையிடம் இருக்கிற ஒரு உதாரணமும் உண்டு. வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1972 வன உயிரினச் சட்டமும் பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் இருளரின் பிழைப்பை ஒரே அடியில் குற்றமாக்கிவிட்டன. ராமுலஸ் விட்டேக்கர் போன்றவர்களின் துணையோடு 1978இல் சங்கம் பதிவானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து மண்பானையில் வைத்து, சில வாரங்களில் சிலமுறை விஷம் எடுத்து, அடையாளக் குறி வைத்துக் காட்டில் விட்டுவிடுவார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு இங்கிருந்துதான் பெருமளவு விஷம் போகிறது. 2023இல் இந்த மாவட்டத்து இருளர்கள் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பிடித்துக்கொடுத்தவர் அங்கத்தினர், சங்கம் அவருடையது. இத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று அனுமதி தருவது மட்டும் வேறு கை. அதே மாவட்டத்தின் எத்தனையோ இருளர் குடியிருப்புகள் இன்னும் புறம்போக்கில், பட்டா இல்லாமல், ஏரிக்கரையில் இருக்கின்றன. செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் முன்பணத்துக்கு ஆள் பிடிக்க வருகிற தரகர் நேராக அங்கேதான் வருகிறார். அவருக்கு விலாசம் தெரியும்.

டீக்கடைப் பெரியவரிடம் 1892 ஆணை பற்றிச் சொன்னேன். இடையில் குறுக்கிடாமல் கேட்டார். அவர் குடியிருக்கிற இடம் அப்பாவின் காலத்திலிருந்து நத்தம் என்று சொல்லப்படுகிறது, பக்கத்து நிலத்தை வாங்கின மனைவியாபாரி அது தன் கிரயத்தில் அடங்கும் என்கிறானாம். திங்கட்கிழமை தோறும் செங்கல்பட்டுக் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்கு மனு எழுதிக்கொண்டு போகிறார். ராத்திரிக் காவல் முடித்து நேரே பஸ் ஏறிவிடுவாராம். தூக்கம் பஸ்ஸில்.

"அந்த ஆர்டர் நம்பர் இன்னா சொன்னீங்க?" என்று கேட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "1010ஆ? காப்பி ஒண்ணு கெடைக்குமா தம்பி? மனுவோட சேத்துக் குடுத்துடறேன்."